ஒரே முகம், ஒரே வெயில், இரண்டு தோல்!

முகத்தில் வெண்புள்ளி உள்ளவருக்குத் தோல் டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று, ‘மருந்து தடவி ஐந்து நிமிடம் வெயிலில் காட்டவும்’. அதற்குக் கீழே, ‘சன்ஸ்கிரீன் – காலை, மதியம்’. சீட்டோடு வெளியே வருகிறவருக்குத் தலை சுற்றும். வெயில் படணுமா, படக் கூடாதா? மெடிக்கல் ஷாப்பில் கேட்டால், “டாக்டர் எழுதியிருக்கார்ல, ரெண்டையும் வாங்கிக்கோங்க” என்பார்கள். வீட்டுக்கு வந்தால் பெரியம்மா, “வெயில் பட்டாத்தான்டி கறுப்பு ஏறும். அந்த க்ரீமைத் தூக்கி அந்தாண்ட போடு” என்பார். பெரும்பாலான வீடுகளில் பெரியம்மாதான் ஜெயிக்கிறார். சன்ஸ்கிரீன் டியூப் பீரோவுக்குள் போய், தேதி முடிந்து, குப்பைக்குப் போய்ச் சேர்கிறது.

பெரியம்மா சொல்வது முழுப் பொய்யாக இருந்தால் பிரச்னை சுலபம். அதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல்.

சீட்டில் எழுதிய வெயில், எழுதாத வெயில்

வெண்புள்ளி வைத்தியத்தில் வெயிலுக்கு நெடுநாள் பாத்தியதை உண்டு. கார்போகரிசி விதையை அரைத்துப் பூசி வெயிலில் உட்காரவைப்பது நம் நாட்டு வைத்தியத்தின் பழைய வழி. எகிப்தில் நைல் நதியோரம் வளரும் வேறொரு செடியின் விதையை வைத்து இதே வேலையைச் செய்தார்கள். 1940-களில் தோல் மருத்துவர் அப்துல் மொனெம் எல் மோஃப்டி, அந்த விதையிலிருந்து பிரித்த மெத்தாக்ஸிசோராலனைக் கொடுத்து நோயாளிகளை வெயிலில் நிறுத்திப் பார்த்தார். 1948-ல் முடிவுகளை வெளியிட்டார். நம் கார்போகரிசியிலும் அவருடைய செடியிலும் இருப்பது சோராலன் என்ற ஒரே குடும்பத்து வேதிப்பொருள்தான். புற ஊதாக் கதிருக்குத் தோலைக் கூருணர்வு கொள்ளச் செய்வது அதன் குணம். 1997-ல் நெதர்லாந்தின் வெஸ்டர்ஹாஃப் குழு, சோராலனே இல்லாமல் 311 நானோமீட்டர் அலைநீள ஒளியை மட்டும் பாய்ச்சியே நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்று காட்டியது. இன்று ஆஸ்பத்திரிகளில் ‘லைட் ட்ரீட்மென்ட்’ என்று சொல்வது பெரும்பாலும் அதைத்தான்.

இந்த எல்லா முறைக்கும் உயிர்நாடி அளவுதான். லைட் ட்ரீட்மென்ட்டில் முதல் நாள் கொஞ்சமாகத் தொடங்குவார்கள். தோல் லேசாகச் சிவக்கிற கட்டம் வரை படிப்படியாக ஏற்றுவார்கள். சிவப்பு மறுநாளும் அடங்கவில்லை என்றால் அடுத்த முறையைத் தள்ளிப்போடுவார்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற இருபது நிமிடத்துக்கு அப்படிக் கணக்குப் பார்க்க ஆள் கிடையாது. டாக்டர் எழுதிய ஐந்து நிமிட வெயில் மருந்து. மீதி நாள் முழுக்க முகத்தில் விழுவது சீட்டில் இல்லாத வெயில். சன்ஸ்கிரீன் அந்த இரண்டாவது வெயிலுக்கு. இது விளங்கிவிட்டால் சீட்டில் இருக்கும் இரண்டு வரிக்கும் சண்டையே இல்லை.

‘சிவப்பதிகாரம்’ படத்தில் தமிழுக்கு வந்த நடிகை மம்தா மோகன்தாஸ், தனக்கு வெண்புள்ளி இருப்பதை 2023 ஜனவரியில் வெளியே சொன்னபோது, அந்தப் பதிவை சூரியனை விளித்தே எழுதியிருந்தார். வெண்புள்ளிக்காரர்களுக்கும் சூரியனுக்கும் உள்ள உறவு அப்படித்தான். முழுசாகப் பகைத்துக்கொள்ளவும் முடியாது, முழுசாக நம்பவும் முடியாது.

வெந்தால் பரவும்

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே, நிறம் தயாரிக்கும் மெலனோசைட் செல்களைப் பகையாக நினைத்து அழிப்பதால் வருவது வெண்புள்ளி. உலக மக்களில் அரை முதல் இரண்டு சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. ஒட்டாது. தொழுநோய்க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை எத்தனை முறைதான் எழுதுவது என்று சலிப்பாக இருந்தாலும், இதற்காகக் கல்யாணப் பேச்சு முறிகிற வீடுகள் இருக்கிறவரை எழுதத்தான் வேண்டும்.

மெலனினை நாம் நிறக் கணக்கில் மட்டுமே பார்க்கிறோம். அதன் உண்மையான வேலை காவல். மேல்தோல் செல்லின் உட்கருவுக்கு மேலே குவிந்து நின்று, உள்ளே வரும் புற ஊதாக் கதிரைத் தான் வாங்கிக்கொள்கிறது. கறுப்பினத்தவரின் மேல்தோலுக்கு இயற்கையாகவே 13 சொச்சம் எஸ்பிஎஃப் (வெயில் காப்பு எண்), வெள்ளையருக்கு 3 சொச்சம் என்று 1979-ல் அமெரிக்காவில் அளந்து சொன்னார்கள். நம் ஊர் மாநிறம் இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும். அப்படிப்பட்ட முகத்தில் வெண்புள்ளி விழுந்த இடம் மட்டும் தன் காவலை இழந்து, வேலூர் வெயிலில் நிற்கிறது. ஒரு விரற்கடை தள்ளியிருக்கும் தோலுக்கு ஒன்றுமே தெரியாத நேரத்தில் இங்கே சிவந்து, எரிந்து, சில சமயம் கொப்புளமும் கட்டும்.

எரிச்சல் இரண்டு நாளில் அடங்கிவிடும். அதற்குப் பிறகு வருவதுதான் கவலை. வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தோலில் எங்கே காயம் பட்டாலும் அந்த இடத்தில் புதுப் புள்ளி கிளம்பலாம். 19-ம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிஷ் கோப்னர் பெயரால் இதைக் குறிப்பிடுகிறார்கள். மூக்குக்கண்ணாடி அழுத்தும் இடம், ஷேவ் செய்யும்போது கீறிய இடம், துணி உரசும் கழுத்து என்று புள்ளி வழி தேடிக்கொண்டு போகும். வெயிலில் வேகுவதும் தோலுக்குக் காயம்தான். நோய் பரவிக்கொண்டிருக்கும் கட்டத்தில் முகம் ஒரு தடவை நன்றாக வெந்துவிட்டால், மாதக்கணக்கில் மருந்து பூசிச் சேர்த்ததைத் தொலைக்க நேரலாம்.

தோல் புற்றுநோய் வருமோ என்ற பயமும் பலருக்கு உண்டு. வெள்ளைத் தோல், காவல் இல்லை, ஆகவே புற்றுநோய் என்று நினைப்பது இயல்பு. ஆனால், 2013-ல் நெதர்லாந்தில் 1,307 வெண்புள்ளி நோயாளிகளை அவர்களின் வாழ்க்கைத் துணையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு, நோயாளிகளுக்குத் தோல் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்று சொன்னது. மெலனோசைட்டை வேட்டையாடும் அதே எதிர்ப்பு அணுக்கள், அது புற்றாக மாறினாலும் விடுவதில்லை என்பது ஒரு விளக்கம். எனவே, புற்றுநோயைக் காட்டிப் பயமுறுத்தி சன்ஸ்கிரீன் விற்பவர்களை நம்ப வேண்டாம். பூசுவதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. அதில் முக்கியமானதை நம் ஊரில் யாரும் சரியாகச் சொல்வதே இல்லை.

புள்ளிக்கு மட்டுமா, முகத்துக்கா?

“வெள்ளையா இருக்கிற இடத்துல மட்டும் தடவினா போதாதா சார்? இந்த விலை விக்குதே!”

நியாயமான கேள்விதான். ஆனால், போதாது.

வெயில் இந்த முகத்தில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. வெள்ளை இடத்தைச் சுடுகிறது. சுற்றியுள்ள மாநிறத்தைக் கறுக்கவைக்கிறது. கன்னத்தில் எட்டணா அளவுக்கு ஒரு புள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோடை விடுமுறையில் ஒரு வாரம் கடற்கரையும் கோயிலுமாகச் சுற்றிவிட்டு வந்தால், புள்ளி அதே எட்டணாவாகத்தான் இருக்கும். ஆனால், பார்க்கிற எல்லோரும் “என்னடி, பெருசாயிடுச்சு?” என்பார்கள். பெருசாகவில்லை. சுற்றியுள்ள தோல் இரண்டு மடங்கு கறுத்ததால் வெள்ளை எடுத்துக்காட்டுகிறது. இதைப் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டரை மாற்றுகிறவர்களும் உண்டு.

ஐரோப்பியர் முகத்தில் குளிர்காலத்தில் வெண்புள்ளி கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடும். சுற்றியுள்ள தோலும் வெளுத்துக்கிடப்பதால் வித்தியாசம் விழுவதில்லை. அவர்களுக்காக எழுதப்பட்ட அறிவுரைகளில் ‘புள்ளியைக் காப்பாற்றுங்கள்’ என்பதே பிரதானமாக இருக்கும். நம் நிறத்துக்கு அந்த அறிவுரை பாதிதான். நமக்கு சன்ஸ்கிரீன் வெள்ளைக்கு எவ்வளவு தேவையோ, அதைச் சுற்றியுள்ள கறுப்புக்கும் அவ்வளவு தேவை. புள்ளி மேல் மட்டும் பூசிக்கொண்டு வெளியே போவது, வித்தியாசத்தை நாமே கூட்டிக்கொள்வதுதான். முகம், காது மடல், கழுத்து, பிடரி எல்லாம் ஒரே சீராகப் பூச வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. மாநிறத் தோலைக் கறுக்கவைப்பது புற ஊதாக் கதிர் மட்டுமல்ல. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் அந்த வேலையைச் செய்கிறது. சாதாரண சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தைப் பெரிதாகத் தடுப்பதில்லை. தடுப்பது அயர்ன் ஆக்ஸைடு. லேசான பழுப்பு நிறத்தில் ‘டின்டெட்’ என்று விற்கும் சன்ஸ்கிரீன்களுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பதே அதுதான். அட்டைப்பெட்டியின் பொடி எழுத்தில் சிஐ 77491, 77492, 77499 என்ற எண்கள் இருந்தால் அயர்ன் ஆக்ஸைடு சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தன் நிறத்துக்குப் பொருந்தும் டின்டெட் கிடைத்தால் வெண்புள்ளிக்காரருக்கு இரட்டை லாபம். கறுப்பதும் குறையும், புள்ளியும் கொஞ்சம் மறையும். கம்ப்யூட்டர், செல்போன் வெளிச்சத்துக்காக வீட்டுக்குள்ளும் பூசச் சொல்லும் விளம்பரங்களை மட்டும் கண்டுகொள்ள வேண்டாம். சூரிய வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இரண்டு விரல் நீளம்

பட்டாணி அளவு எடுத்து நெற்றியில் ஒன்று, கன்னத்தில் இரண்டு என்று பொட்டு வைத்துத் தேய்ப்பதைத்தான் விளம்பரங்களில் பார்க்கிறோம். அது சுண்ணாம்பைத் தண்ணீராகக் கரைத்து ஒரே கோட் அடிப்பதுபோல. அடித்த மாதிரி இருக்கும், சுவர் மூடியிருக்காது.

பெட்டியில் எஸ்பிஎஃப் 50 என்று போட்டிருப்பது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசி அளந்த எண். மனிதர்கள் நிஜத்தில் பூசுவது அதில் கால் பங்கிலிருந்து பாதிவரைதான். அளவு பாதியானால் காப்பும் பாதியோ அதற்குக் கீழோ இறங்கிவிடும். எஸ்பிஎஃப் 30 சரியாகப் பூசினால் தோலைச் சுடுகிற யுவிபி கதிரில் ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கும்; 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக எஸ்பிஎஃப் 100 தேடி அலைவதைவிட, கையில் இருப்பதைத் தாராளமாகப் பூசுவது மேல்.

ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் கோடு போட்டதுபோல் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். ஒரேயடியாகப் பூசினால் வழியும். ஒரு விரல் அளவை முதலில் பூசி, கொஞ்சம் காய்ந்ததும் அடுத்ததைப் பூசலாம். தேய்த்து உள்ளே இறக்க வேண்டியதில்லை. மேலே படலமாக நின்றால்தான் அது வேலை செய்யும். முகத்தில் வெண்புள்ளி விரும்பி வருவது கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும். கை தவறாமல் விட்டுவிடுவதும் அந்த இடங்களைத்தான். இமையில் க்ரீம் பூசினால் வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கிக் கரிக்கும். அங்கே மட்டும் ஜிங்க் ஆக்ஸைடு உள்ள ஸ்டிக் வடிவத்தில் வருவதை இழுத்துக்கொள்ளலாம், வழியாது. உதட்டில் புள்ளி இருந்தால் எஸ்பிஎஃப் உள்ள லிப் பாம் தனியாக வேண்டும். தாடி உள்ள ஆண்கள் க்ரீமை விட்டு ஜெல் வகைக்குப் போனால் முடியில் திட்டுத்திட்டாக ஒட்டாது.

வெளியே கிளம்புவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு பூச வேண்டும். வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைக்கிறோமே, சன்ஸ்கிரீனும் கைக்குட்டையோடு போய்விடும். ஒற்றி எடுத்துவிட்டுத் திரும்பப் பூச வேண்டும். ‘வாட்டர் ரெசிஸ்டென்ட்’ என்று போட்டிருப்பதும் 40 அல்லது 80 நிமிடத்துக்குத்தான் பேச்சு.

கடையில் கவனிக்க

எஸ்பிஎஃப் என்பது சுடுகிற கதிரான யுவிபியைப் பற்றிய கணக்கு. கறுக்கவைப்பதில் பெரும் பங்கு உள்ள யுவிஏவுக்கு ஜப்பான்காரர்கள் வகுத்த ‘பிஏ’ குறி இருக்கிறது. பக்கத்தில் மூன்று அல்லது நான்கு பிளஸ் குறி இருக்க வேண்டும். ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்ற சொல்லும் இருந்தால் நல்லது. பெட்டியில் இருக்கும் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. போட்டிருக்கும் எஸ்பிஎஃப் உண்மைதானா என்ற விளம்பரச் சண்டையில் இரண்டு பெரிய நிறுவனங்கள் 2025-ல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய்விட்டு வந்தன. டாக்டர் எழுதிய பிராண்டைக் கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் வாங்காமல் வருவதே சரி.

‘எஸ்பிஎஃப் உள்ள வொயிட்டனிங் க்ரீம்’ இருக்கிறதே, அதைத் தொடவே கூடாது. சிவப்பழகு க்ரீம்களால் நேர்ந்த பெரிய விபத்து ஜப்பானில் நடந்தது. ரோடோடெனால் என்ற வெளுப்பூட்டும் பொருள் சேர்த்த கனெபோ நிறுவனத்தின் அழகு க்ரீம்களைப் பூசியவர்களுக்குத் தோலில் வெள்ளைத் திட்டுகள் விழுந்தன. 2013 ஜூலையில் அந்த நிறுவனம் சரக்கைத் திரும்பப் பெற்றது. பாதிக்கப்பட்டவர்கள் 19,000-க்கும் மேல். நிறத்தைக் குறைக்கப் பூசியதே மெலனோசைட்டைக் கொன்றுவிட்டது. நம் ஊரில் இன்னொரு ஆபத்து, ஸ்டீராய்டு கலந்த முகக் களிம்பு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கிய பிறகும், பேர் சொன்னாலே எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. தோல் மெலிந்து, வெயில் பட்டாலே எரிகிற முகத்தோடு வந்து நிற்பவர்களைப் பற்றி எந்தத் தோல் டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

வாசனை அதிகமுள்ள சன்ஸ்கிரீனும் வேண்டாம். அலர்ஜி வந்து தோல் புண்ணானால் அங்கேயும் புதுப் புள்ளி கிளம்பலாம் என்பது நினைவிருக்கட்டும். புது டியூப்பை முதலில் முழங்கையின் உள்பக்கம் மூன்று நான்கு நாள் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோவது நல்லது. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கும் ஒருவகை வேதிப்பொருளே நெற்றியில் வெள்ளை விழக் காரணமாவதும் உண்டு. வெண்புள்ளி உள்ள பெண்கள் குங்குமத்துக்கு மாறிவிடலாம், அதுவும் அரிக்காததாகப் பார்த்து.

ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டையாக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீன்கள் குழந்தைகளுக்கும் மென்மையான தோலுக்கும் ஒத்துக்கொள்ளும். ஆனால், மாநிறத்தில் சாம்பல் பூத்ததுபோல் நிற்கும். இது சின்ன விஷயமில்லை. கனடாவின் வின்னி ஹார்லோ, வெண்புள்ளியோடு உலக மேடைகளில் நடந்த மாடல். பஹாமாஸில் ஒரு படப்பிடிப்பில் நாள் முழுக்க வெயிலில் நின்று முகமும் உடம்பும் வெந்துபோனார். சன்ஸ்கிரீனை மறுபடி பூசினால் படத்தில் சாயம் படிந்ததுபோல் தெரியும் என்று பூசவிடவில்லை என்பது அவர் பேட்டிகளில் சொன்னது. அந்தக் கோபத்தில், எல்லா நிறத்துக்கும் ஒத்துப்போகிற சன்ஸ்கிரீன் என்று சொல்லி 2022-ல் சொந்தமாகவே ஒரு பிராண்டைத் தொடங்கிவிட்டார். நமக்குப் பிராண்டு தொடங்க வசதியில்லை. சாம்பல் பூக்காத வகை எது என்று டாக்டரிடம் கேட்டு வாங்கும் உரிமை இருக்கிறது. கண்ணாடியில் பார்க்கப் பிடிக்காத க்ரீமை யாரும் தினம் பூச மாட்டார்கள்.

புள்ளியை மறைக்கப் பூசும் நிறக் க்ரீம்கள், தோலுக்குச் சாயமேற்றும் லோஷன்கள் எல்லாம் வெயிலை நிறுத்தும் என்று நம்பிவிடக் கூடாது. முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு மேக்கப். சந்தனம், கற்றாழை, தேங்காய் எண்ணெய் எதுவும் சன்ஸ்கிரீன் ஆகாது. எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் நிற்பது கடும் ஆபத்து. அதிலும் சோராலன் குடும்பத்து வேதிப்பொருள்தான் இருக்கிறது. அளவு தெரியாமல் பூசினால் கொப்புளம்தான்.

ஊட்டியிலும் சுடும்

சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலே விழாத நாள் வருஷத்தில் இரண்டு முறை வரும். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒன்று, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒன்று. இவ்வளவு செங்குத்தாக வெயில் இறங்கும் ஊரில், கோடை மதியத்தில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுகிறது. 3-ஐத் தொட்டாலே காப்பு தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வானம் தெளிவாக இருந்தால் மார்கழி மதியத்திலும் நாம் அந்த 3-ஐ வெகுதூரம் கடந்துதான் இருக்கிறோம். மெல்லிய மேகம் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை அப்படியே கீழே விட்டுவிடும்.

ஏமாறுவது மலை ஏறும்போது. குளிருக்கு இதமாக இருக்கிறது என்று ஊட்டி வெயிலில் உட்கார்ந்து சோளம் தின்போம். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர். சமவெளியைவிட அங்கேதான் அதிகம் சுடுகிறது. குளிர்காற்றில் நமக்கு உறைப்பதில்லை.

காரின் பக்கவாட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் போதும் என்று நினைப்பதும் அப்படித்தான். சாதாரணக் கண்ணாடி யுவிபியை நிறுத்தும், யுவிஏவின் பெரும்பகுதியை விட்டுவிடும். சுடாது, ஆனால் கறுக்கும். தினமும் ஒரே பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆபீஸ் போகிறவர்களுக்கு ஒரு கன்னத்தில் மட்டும் புள்ளி தூக்கலாகத் தெரிய இது ஒரு காரணமாக இருக்கலாம்.

வைட்டமின் டி குறைந்துவிடுமே என்பார்கள். முகத்துக்குப் பூசுவதால் மட்டும் அப்படிக் குறைந்துவிடாது. சந்தேகமிருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை, குறைவென்றால் மாத்திரை. தீர்ந்தது.

சிகிச்சை நாளில்

முகம் என்பது வெண்புள்ளிக்கு நல்ல இடம். கை விரல் நுனியைப் போலவோ உதட்டைப் போலவோ பிடிவாதம் பிடிக்காது. மயிர்க்கால்களுக்குள் ஒளிந்திருக்கும் மெலனோசைட் மூலச் செல்கள் முகத்தில் நிறைய இருப்பதால் நிறம் திரும்பும் வாய்ப்பு அதிகம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022 ஜூலையில் வெண்புள்ளிக்கு அனுமதித்த ருக்ஸோலிட்டினிப் க்ரீமின் ஆய்வில், 24 வாரத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு முகத்தில் முக்கால் பங்கு நிறம் திரும்பியது. நிறம் வரும்போது மயிர்க்காலைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத்தான் வரும். அந்தப் பிஞ்சு நிறத்தை வெயிலில் வேகவிடக் கூடாது.

லைட் ட்ரீட்மென்ட் எடுக்கிற நாளில் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் புள்ளி உள்ள இடத்தில் சன்ஸ்கிரீன் இருக்கக் கூடாது. பூசியிருந்தால் கழுவிவிட வேண்டும். இல்லையென்றால் ஒளி உள்ளே போகாது, அலைந்தது வீண். முடிந்து வெளியே வரும்போது பூசிக்கொண்டுதான் தெருவில் இறங்க வேண்டும். சோராலன் களிம்பு பூசி வெயில் காட்டுகிறவர்கள், சொன்ன நிமிடம் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, சன்ஸ்கிரீன் பூசி, நிழலுக்கு வந்துவிட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு இவ்வளவு என்றால் அரை மணிக்கு எவ்வளவு நிறம் வரும் என்று கணக்குப் போட்டவர்கள் கொப்புளத்தோடு திரும்பிய கதைகள் ஏராளம். சோராலன் மாத்திரை எடுத்தவர்களுக்குக் கருப்புக் கண்ணாடியும் அன்று முழுக்கக் கட்டாயம். வெண்புள்ளிக்குக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் களிம்பைப் பெரும்பாலும் இரவில் பூசச் சொல்வார்கள்; பகலில் சன்ஸ்கிரீன்.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் காலை அசெம்பிளியும் பி.டி. பீரியடும்தான் சிக்கல். தொப்பி போட்டுக்கொள்ள அனுமதி கேட்டு டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். சன்ஸ்கிரீனைப் பையில் வைத்து அனுப்பினால் மட்டும் போதாது, பூசக் கண்ணாடியும் ஐந்து நிமிடமும் வேண்டும் என்பதை ஆசிரியரிடம் பேசி வையுங்கள். மற்ற பிள்ளைகள் எதிரில் பூச வெட்கப்பட்டுத்தான் பல பிள்ளைகள் பூசாமலே திரும்பி வருகிறார்கள்.

முப்பது ரூபாய்க் கணக்கு

ஒரு தடவைக்கு ஒன்றரை கிராம், நாளைக்கு இரண்டு தடவை என்றால் 50 கிராம் டியூப் இரண்டரை வாரம்கூட வராது. டியூப் 500 ரூபாய் என்று வைத்தால் நாளைக்கு 30 ரூபாய், மாதம் 900. ஐ.டி. கம்பெனிச் சம்பளத்தில் இது பெரிதில்லை. களை எடுக்கிற அம்மாவுக்கும், சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கும், சிக்னலில் பூ விற்கிறவருக்கும் இது நடக்காத காரியம். வெயிலில் அதிகம் நிற்பதும் அவர்கள்தான். அவர்களிடம் இரண்டு மணிக்கு ஒரு தடவை பூசுங்கள் என்று சொல்வது கேலி.

அவர்களுக்கு முதல் மருந்து துணி. 2013-ல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் குடைகளை வெயிலில் பிடித்து அளந்தபோது, எல்லாக் குடையும் குறைந்தது 77 சதவீதம் புற ஊதாக் கதிரைத் தடுத்தது. கறுப்புக் குடை 90 சதவீதத்துக்கு மேல். தாத்தா காலத்துக் கறுப்புக் குடைக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டியதில்லை. குடை பிடிக்க முடியாத வேலையில் அகல விளிம்புத் தொப்பி, முகத்தைச் சுற்றிய அடர்நிறப் பருத்தித் துண்டு, நெற்றிவரை இழுத்துவிட்ட முந்தானை. பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் நிழல் பக்க வேலையை மேஸ்திரி கொடுத்தால், அதைவிடப் பெரிய உதவி கிடையாது. துணி மூடாத இடத்துக்கு மட்டும் சன்ஸ்கிரீன் என்று வைத்துக்கொண்டால் ஒரு டியூப் மாதத்தைத் தாண்டியும் வரும்.

வசதி உள்ளவர்களும் இதே வரிசையில் போவதுதான் சரி. முதலில் நிழல், அடுத்து துணி, கடைசியில் க்ரீம். க்ரீம் பூசிவிட்டோம் என்ற தைரியத்தில் மதிய வெயிலில் கூடுதலாக நிற்பவர்கள், பூசாதவர்களைவிடப் பெரிதாக எதையும் சாதிப்பதில்லை.

வெண்புள்ளிக்கு சன்ஸ்கிரீன் அழகுப் பொருள் அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி. அழகுப் பொருள் என்ற அலமாரியில் அதை வைத்திருப்பதால்தான் இதை விரலளவு பூசவும் யோசிக்கிறோம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் தோல் பிரிவுகளில், வெண்புள்ளிக்குச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு எல்லா மாதமும் தடையில்லாமல் இரண்டு டியூப் சன்ஸ்கிரீன் கிடைக்க சுகாதாரத் துறை வழி செய்ய வேண்டும். களிம்பையும் லைட் ட்ரீட்மென்ட்டையும் இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதனால் திரும்பி வரும் நிறத்தை வெயிலுக்குக் கொடுத்தால் அரசுப் பணமும் நோயாளியின் பஸ் காசும் சேர்ந்தே வீணாகும்.